ஒரே ஒரு பிரதி

என் கையெழுத்து நன்றாக இருக்காது, மேடம். அதனால்தான் இதைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறேன். ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்த கோடு போட்ட தாளில் நாலு வரி எழுதிப் பார்த்தேன். என்னாலேயே படிக்க முடியவில்லை. நாளைக்கு இதை நீங்கள் மேலே அனுப்பும்போது படிப்பவர் சிரமப்படக் கூடாது. இருபத்தைந்து வருடமாக அடுத்தவர்கள் எழுதிக் கொடுத்ததையெல்லாம் அழகாக அமைத்துக் கொடுத்தவள் நான். என்னுடையதை மட்டும் கிறுக்கித் தருவது முறையில்லை.

என் பெயர் கல்பனா. வயது ஐம்பத்தொன்று. செலியமேட்டில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறேன். அப்பா சிங்காரவேலு, கரும்பும் நெல்லும் வைத்தவர். அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா போனபோது என் தங்கை செல்வகுமாரிக்கு நான்கு வயது, எனக்கு ஒன்பது. அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் சோறு ஊட்டியதும் நான். இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. குடும்ப விவரம் கேட்டிருந்தீர்கள்.

தொண்ணூற்று ஒன்பதில் அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவந்தார். புதுச்சேரியில் ஏதோ ஒரு அச்சகத்தில் கழித்தது. செலியமேட்டில் ஒரு வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான் என்று நினைக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் பக்கத்தில் போவோம். கரண்ட் போனால் குமாரி ஓடிப்போய் அதன்மேல் துணி போட்டு மூடுவாள், அதற்குக் குளிரும் என்பதுபோல. நான் தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்திருந்தேன். பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. எழுத்தை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், பெரிதாக்கலாம், சுற்றிலும் பார்டர் போடலாம். தவளக்குப்பத்தில் இருக்கிற அச்சகங்கள் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எல்லா வேலையையும் எங்களிடம் அனுப்பின. நான் அடிப்பேன். குமாரி சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு பிழை பார்ப்பாள். அவள் கண்ணுக்கு ஒரு ஒற்று தப்பாது. மறு வருடம் அப்பாவும் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கம்ப்யூட்டரும்தான்.

அந்த வருடம்தான் அன்புராஜ் வந்தார். பண்டசோழநல்லூர்க்காரர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவர். மஸ்கட்டுக்குப் போக பயோடேட்டா அடிக்க வேண்டும் என்று வந்தார். நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன், குமாரி அடித்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு பக்க பயோடேட்டாவுக்குத் திருத்தம் இருக்கிறது என்று ஐந்து தடவை வந்தார். ஐந்தாவது தடவை நான் இருந்தேன்.

"அதான் எல்லாம் சரியா இருக்குதே, இன்னும் இன்னா திருத்தம்?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, அப்பா பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வைக்கணும்" என்றார். குமாரி கீபோர்டைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர் மஸ்கட்டுக்குப் போன பிறகு கடிதம் வர ஆரம்பித்தது. "கல்பனா டி.டி.பி." என்று மேலே முகவரி, உள்ளே அவளுக்கு. போஸ்ட்மேன் மணி சத்தம் கேட்டால் அவள் முதலில் எழுந்துபோவாள். கஸ்டமர் கடிதம் என்று என்னிடம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன்.

அவர்கள் காலனிக்காரர்கள், கிறிஸ்தவர்கள், நாங்கள் நிலம் வைத்திருக்கிறவர்கள், அதுதான் காரணமா என்று முந்தாநாள் கேட்டீர்கள். அப்படி எழுதிக்கொள்ள வேண்டாம், மேடம். அப்பா இருந்திருந்தால் அவருக்கு அது காரணமாக இருந்திருக்கும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். உள் அறையில் குமாரி தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப்பார்த்தேன். கடிதத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா" என்றாள். அதுவரைக்கும் அவள் என்னிடம் ஒன்றுமில்லை என்று சொன்னதே இல்லை. இதைத்தான் காரணம் என்று சொல்ல முடியும். படித்தால் சின்னதாகத்தான் தெரியும். நடந்தது அதுதான்.

இரண்டாயிரத்து ஒன்று ஜனவரியில் நான் அன்புராஜின் கல்யாணப் பத்திரிகையை அமைத்தேன்.

சிலுவை போட்ட வெற்று அட்டைகள் ஒரு பழைய ஆர்டரில் மீந்து கிடந்தன. மணமகன் விவரமெல்லாம் பயோடேட்டாவிலேயே இருந்தது. அப்பா பெயர், அம்மா காசம்மாள், அக்கா விஜயராணி, எல்லாம். மணமகளுக்குப் பெயர் வைக்கத்தான் நேரமானது. கடைசியில் எமிலி பிரிசில்லா என்று வைத்து, பக்கத்தில் பி.எஸ்சி., பி.எட். என்று போட்டேன். படித்த பெண் என்றால் குமாரி தனக்குள்ளேயே சமாதானம் ஆகிவிடுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வலி குறைவாக இருக்கட்டும் என்றுதான் அந்த பி.எட். காரைக்கால் பக்கம் ஒரு சர்ச் என்றும், தேதி போன வாரம் முடிந்துவிட்டது என்றும் வைத்தேன். நாங்கள் வழக்கமாகப் போடுகிற எழுத்துருவைப் போடவில்லை. ஒரு இடத்தில் வேண்டுமென்றே ஒற்றை விட்டேன். எங்கள் வீட்டில் அமைத்ததில் பிழை இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு பிரதி எடுத்து, கவரில் போட்டு, என் கையெழுத்து தெரியாதபடி அவள் பெயரை அடித்து ஒட்டி, புதுச்சேரி போய்த் தபாலில் போட்டேன்.

மூன்றாம் நாள் வந்தது. குமாரி வாசலிலேயே நின்று படித்தாள். உள்ளே வந்து என் கையில் கொடுத்தாள்.

"அந்த பயோடேட்டாக்காரரு, யக்கா. கல்யாணம் ஆயிடுச்சாம்."

"அப்படியா" என்றேன்.

"'அன்புடன் அழைக்கிறோம்'ல க் விட்டுட்டாங்க பாரு" என்றாள். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ஒன்பது நாள் காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுத்தேன், தைலம் தேய்த்துவிட்டேன். பத்தாம் நாள் ஒரு கடிதம் எழுதி ஒட்டி என்னிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னாள். போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அது பீரோவில் இருக்கிறது. பிரிக்கவில்லை. அடுத்தவர்கள் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு போஸ்ட்மேன் மணி அடித்தால் அவள் எழுந்துபோகவில்லை. நான்தான் போனேன். அன்புராஜ் வாரம் ஒன்று எழுதினார். அவற்றையும் பிரிக்காமல் அதே பீரோவில் வைத்தேன். மே மாதம் வரைக்கும் விடாமல் வந்துகொண்டிருந்தன. இப்படியே போனால் ஆள் ஒரு நாள் நேரில் வந்து நிற்பார் என்று பட்டது. யாராக இருந்தாலும் ஒரு பதிலுக்காக இப்படிக் காத்துக்கொண்டிருப்பது கஷ்டம்தானே.

அதனால் ஜூனில் குமாரிக்குக் கண்ணீர் அஞ்சலி அமைத்தேன்.

இதில் எனக்குப் பழக்கம் அதிகம். கறுப்புப் பார்டர், மேலே இரண்டு விளக்கு, நடுவில் படம். பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று இருந்தது, அதில் லேசாகச் சிரித்திருப்பாள். தோற்றம் என்று அவள் பிறந்த தேதி, மறைவு பதினாறு ஆறு இரண்டாயிரத்து ஒன்று. மூளைக்காய்ச்சல் என்று தனியாக ஒரு தாளில் எழுதினேன். "கடைசி வரைக்கும் உங்கள் பெயரைச் சொன்னாள்" என்றும் ஒரு வரி சேர்த்தேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். அதுவும் ஒரே ஒரு பிரதி. பிழை பார்க்கக் கொடுக்க ஆள் இல்லாததால் நானே நான்கு தடவை படித்தேன்.

மஸ்கட்டிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் பெயருக்கு வந்ததால் படித்தேன். அடுத்த மே மாதம் லீவு, மூன்றாவது புதன்கிழமை காலை வீட்டுக்கு வருகிறேன், அவள் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் அக்கா, என்று எழுதியிருந்தார்.

அந்தப் புதன்கிழமை குமாரியை பேப்பர் வாங்கிவரப் புதுச்சேரிக்கு அனுப்பினேன். அப்படியே சினிமா பார்த்துவிட்டு வா, எங்கேயும் போவதில்லையே நீ, என்றேன். அவள் போன பிறகு, ஸ்டுடியோவில் பெரிதாக்கி வைத்திருந்த அவள் படத்தை ஹாலில் மாட்டினேன். கண்ணாடிமேல் குங்குமம் வைத்தேன். சந்தன மாலை ஒன்று வாங்கி வைத்திருந்தேன், அதைப் போட்டேன். அவளுடைய சேலை கொடியில் காய்ந்தது, எடுத்து மடித்து உள்ளே வைத்தேன்.

அன்புராஜ் பத்தரைக்கு வந்தார். முன்பைவிடக் கறுத்திருந்தார். செருப்பை வெளியே விட்டு, படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"வலி இருந்துச்சாக்கா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. தூங்கற மாதிரி போயிட்டா."

"எங்கக்கா வச்சிருக்கீங்க?"

"நாங்க எரிக்கறவங்க. பெண்ணையாத்துல கரைச்சாச்சு."

அதற்கு அவர் தலையை ஆட்டினார். அப்புறம் அழுதார். ஆண்கள் அழுவதைப் பார்த்து எனக்குப் பழக்கம் இல்லை. டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். போகும்போது அவளுடைய பொருள் ஏதாவது ஒன்று கொடுங்கள் என்று கேட்டார். மேஜைமேல் அவளுடைய சிவப்புப் பேனா இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு மத்தியானம் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் ஒரு ஆள் பேண்ட் சட்டையோடு நின்றிருந்ததாகப் பால்காரர் சொன்னார். அவராக இருக்கலாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு குமாரி வந்தாள். படத்தை அதற்குள் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அவள் வெயிலில் வந்ததால் நேராகப் போய் அதே டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். அவளுடைய பேனாவை இரண்டு நாள் தேடினாள். அப்புறம் புதிதாக ஒன்று வாங்கிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடம் எந்தப் பிரச்சினையும் இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும், மேடம். அவளுக்கு மாப்பிள்ளை வந்தது. நான் ஒன்றையும் தட்டிவிடவில்லை. அவளே வேண்டாம் என்றாள், நான் வற்புறுத்தவில்லை, அவ்வளவுதான். நன்றாகத்தான் இருந்தோம். வெள்ளிக்கிழமை மீன் எடுக்க மாட்டோம், மற்ற நாளெல்லாம் எடுப்போம். மானிட்டர் மூன்று தடவை மாறியது, பெட்டி அதேதான். பழைய எழுத்துருக்கள் புது மெஷினில் வராது என்பதால் நான் மாற்றவில்லை. குமாரி முன்போல அதிகம் பேசமாட்டாள். என்னிடம் எதையும் மறைத்ததும் இல்லை. மறைக்க அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சென்ற ஆவணியில் தவளக்குப்பம் கடையிலிருந்து ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது. காலை ஒன்பது மணிக்குப் போனில் அனுப்பினார்கள், மத்தியானத்துக்குள் வேண்டும் என்றார்கள். திருமதி காசம்மாள், பண்டசோழநல்லூர். நான் பெயரைப் பார்த்தேன். காசம்மாள் என்பது எங்கள் பக்கம் சாதாரணப் பெயர்தான். அவசர வேலை. அடித்து, பிரிண்ட் எடுத்து, குமாரியிடம் கொடுத்துவிட்டேன். யோசித்திருந்தால் நானே பிழை பார்த்திருப்பேன்.

அவள் படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். மகன் அன்புராஜ், மஸ்கட். மகள் விஜயராணி. மருமகன், பேரப்பிள்ளைகள். மருமகள் இல்லை.

"யக்கா, இதுல மருமவ பேரு வுட்டுப்போயிருக்குது."

"குடுத்ததத்தான் அடிச்சேன். அப்படியே வுடு."

"சாவுப் போஸ்டரு, நாளைக்குச் சண்ட வரும். கேட்டுடறேன்."

ஆர்டரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். கை ஒழியாமல் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். விஜயராணிதான் எடுத்தாள். பின்னால் பறைச் சத்தம் கேட்டது.

"அன்புராஜ் சம்சாரம் பேரு போடலியே, இன்னா பேரு?" என்று குமாரி கேட்டாள்.

"அவனுக்கு எங்கம்மா கல்யாணம் ஆச்சு? ஆவல. எங்கம்மா அந்த ஏக்கத்துலயே போயிடுச்சு."

"கல்யாணம் ஆயிடுச்சுன்னு..."

"யாரு சொன்னா? செலியமேட்டுல ஒரு பொண்ண நெனச்சிக்கினு இருந்தான். அது மூளக்காய்ச்சல்ல செத்துப்போச்சு. அதோட சரி, எவளையும் ஏறெடுத்துப் பாக்கல. அதெல்லாம் எதுக்கு, நீ போஸ்டர சீக்கிரம் போட்டுக் குடும்மா."

குமாரி போனை வைத்தாள். நான் படத்தின் பார்டரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"யக்கா, நான் எப்ப செத்தேன்?"

கேட்டாள், சொன்னேன். "ரெண்டாயிரத்து ஒண்ணு. ஜூன் பதினாறு."

அவள் கத்தவில்லை. என் மேல் கை வைக்கவில்லை. போஸ்டரை மறுபடியும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள். "மருமவ இல்ல. சரியாத்தான் இருக்குது, அனுப்பு" என்றாள். பிறகு முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு, பஸ் ஏறிப்போனாள். அம்மாவின் அடக்கத்துக்காக அன்புராஜ் மஸ்கட்டிலிருந்து அன்று மாலை வந்துசேர்ந்திருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் அவளைப் பார்த்ததும் அவர் பின்னால் நகர்ந்து கீழே விழுந்துவிட்டார் என்று சொன்னார்கள். அது நான் கேள்விப்பட்டதுதான், நான் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு குமாரி வீட்டுக்கு வரவில்லை. விஜயராணி வீட்டில் இருக்கிறாள். பீரோவில் இருந்த கடிதங்களைக் கேட்டு ஆள் அனுப்பினாள். கொடுக்கவில்லை. அவளே நேரில் வந்தால் தருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். வரவில்லை. கார்த்திகையில் அவர்கள் இரண்டு பேரும் கல்யாணப் பதிவுக்கு மனு கொடுத்தார்கள். வேறு வேறு மதம் என்பதால் முப்பது நாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். அவளுக்கு நாற்பத்தாறு வயது, மேடம். அவருக்கு நாற்பத்தொன்பது. இந்த வயதில் அவளுக்கு என்ன தெரியும், யார் பார்த்துக்கொள்வார்கள், அவளுக்கு முட்டிவலி இருப்பது அவருக்குத் தெரியுமா, என்று நான் யோசித்தது தவறா?

அன்புராஜுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று ஒரு சர்ச் சான்றிதழ் அமைத்தேன். பழைய எமிலி பிரிசில்லா பெயரையே போட்டேன். அதை ஆட்சேபணையோடு சேர்த்துப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினேன். அதைத்தான் நீங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் காட்டினீர்கள். நான் போட்ட தேதியில் அவர் மஸ்கட்டில் இருந்ததாகப் பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது என்றீர்கள். ஆமாம், அது என் பிழை. தேதியைச் சரிபார்த்திருக்க வேண்டும். குமாரி இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள்.

கல்யாணப் பத்திரிகையை நான்தான் செய்தேன். கண்ணீர் அஞ்சலியை நான்தான் செய்தேன். உயிரோடு இருந்தவள் படத்துக்கு மாலை போட்டதும், சான்றிதழ் செய்ததும் நான்தான். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. சான்றிதழுக்கு மட்டும்தான் பிரிவு இருக்கிறது, மற்றதற்கு எந்தப் பிரிவில் போடுவதென்று பார்க்க வேண்டும் என்றீர்கள். பாருங்கள். எதில் போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

வருகிற திங்கட்கிழமை அவர்களுக்குப் பதிவு என்று நீங்களே சொன்னீர்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். என்னை ரிமாண்டில் அனுப்புவதாக இருந்தால், வீட்டைப் பூட்டி சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வர நேரம் கொடுங்கள். அவள் கட்டில் பக்கம் சுத்தம் செய்து, போர்வை துவைத்துப் போட்டிருக்கிறேன். நாலு நாள் கோபம் இருக்கும், பிறகு இறங்கிவிடும். குமாரி எங்கே போய்விடப் போகிறாள், மேடம். அவளுக்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.